கண்ணியக்காவின் இருபத்துமூன்று குழிகள்

புளியங்கரந்தை பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஓட்டல் வைத்திருக்கும் செண்பகராஜ், ஓர் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை விடிகாலையில் அடுப்பை மூட்டி, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைக்கக் குனிந்தபோது, கல்லில் இருபத்துமூன்று குழிகள் விழுந்திருப்பதைப் பார்த்தான். முந்தின நாள் கடை சாத்தும்போது முகம் பார்க்கலாம் போல இருந்த கல். ஒவ்வொரு குழியையும் விரலால் தடவினான்; நெளிவு இல்லை, பிசிறு இல்லை, வார்க்கும்போதே வைத்து வார்த்த மாதிரி இருந்தது. வெளியே முதல் வண்டியின் டிரைவரும் கண்டக்டரும் பதினாலு பயணிகளும் பசியோடு நின்றார்கள். நின்று யோசிக்க நேரமில்லாததால் அவன் மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிக் கொட்டி, குழிக்குழியாக எண்ணெய் விட்டு, பணியாரம் சுட்டுப் போட்டான். டிரைவர் பன்னிரண்டு தின்றுவிட்டு, வண்டியை எட்டு நிமிஷம் தாமதமாக எடுத்தார். ஏழு மணிக்கு மாவு தீர்ந்தது. அன்றிலிருந்து புளியங்கரந்தையில் காலைப் பலகாரம் பணியாரம் என்றாயிற்று.

அந்த இருபத்துமூன்று குழிகளும் வியாழக்கிழமை சாயங்காலம்வரை செண்பகராஜின் மனைவி அங்கயற்கண்ணியின் தொடைகளில் இருந்தவை.

அங்கயற்கண்ணிக்கு நாற்பத்துமூன்று வயது. மின்சார வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுப்பவள். ஊரே அவளைக் கண்ணியக்கா என்றுதான் கூப்பிட்டது. எந்த வீட்டு மீட்டர் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, எந்த வீட்டு மீட்டருக்கு மேல் குளவி கூடு கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்துக்கே இரண்டாவதாக வந்தவள். அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் பஸ்ஸுக்கும், குரைக்கிற நாய்க்கும்தான். அந்த வருஷம் தமிழ் டீச்சர் பூங்கோதை, தை மாதம் மதுரையில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் நடக்கப்போகிறது என்று எங்கோ படித்துவிட்டு, கண்ணியக்காவையும் போலீஸ்காரி மாரீஸ்வரியையும் சத்துணவு அமைப்பாளர் அந்தோணியம்மாளையும் பிடித்துவந்து நாலு பேர் தொடர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பெயர் கொடுத்த பத்தாம் நாள் பார்சலில் நாலு செட் உடுப்பு வந்தது. சிவப்பு பனியன், நீல நிற அரைக்கால் சட்டை.

கண்ணியக்கா கதவைத் தாழ்போட்டு அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே அது நின்றுவிட்டது. பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியை முன்னால் பிடித்து, தன் பின்தொடைகளை முதல்தடவையாக முழு வெளிச்சத்தில் பார்த்தாள். மழை விழுந்த மணல் மாதிரி இருந்தது. இடது தொடையில் பதிமூன்று, வலதில் பத்து. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் புருஷன் கண்ணிலேயே படாமல் வைத்திருந்ததை மதுரை மைதானத்தில் மூவாயிரம் பேருக்கு முன்னால் எப்படிக் காட்டுவது? உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி ஆகியிருக்கிறது என்று அவள் நம்பினாள். சட்டையை நாலாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த எமிலியின் பியூட்டி பார்லருக்குப் போனாள்.

"புருவமாக்கா?" என்றாள் எமிலி.

"புருவம்தான்" என்று சொல்லி உட்கார்ந்தவள், புருவம் எடுத்து முடிந்தும் நாற்காலியை விட்டு எழவில்லை. "எமிலி, ஒண்ணு கேட்டா வெளிய சொல்லமாட்டியே?"

"இந்த நாற்காலில உக்காந்து சொன்னது எதுவும் இதுவரைக்கும் மாடிப்படி எறங்குனதில்லக்கா."

கண்ணியக்கா சொன்னாள். எமிலி திரையை இழுத்துவிட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு செல்லுலைட்டுன்னு பேருக்கா. காப்பித்தூளும் வெளக்கெண்ணெயும் போட்டுத் தேச்சு உருட்டுறாங்க, போன்ல பாத்திருக்கேன். போயிரும்னு நான் சத்தியமெல்லாம் பண்ணமாட்டேன். ஒடம்பு கேட்டா கேக்கட்டும், கேக்காட்டா எண்ணெய் தேச்சுக் குளிச்ச சொகமாவது மிஞ்சும்."

காப்பிச் சக்கைக்கு எமிலி செண்பகராஜின் ஓட்டலுக்குத்தான் போனாள். ரோஜாச் செடிக்கு என்று சொல்லி ஒரு வாளி வாங்கிவந்தாள். சக்கையையும் விளக்கெண்ணெயையும் கல்லுப்பையும் பிசைந்து தேய்த்து, தன் வீட்டுச் சப்பாத்திக் கட்டையால் முழங்காலிலிருந்து மேல்நோக்கி உருட்டினாள். வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது தடவை, ஒரு வியாழக்கிழமை, சூடுதண்ணீர் ஊற்றிக் கழுவியபோது குழிகள் இல்லை. வாழைத்தண்டு மாதிரி இரண்டு தொடைகள்தான் இருந்தன. எமிலி சப்பாத்திக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணியக்கா மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு, வழக்கம்போல வேலைக்குப் போகிற வழியில் டீ குடிக்க ஓட்டலுக்குள் நுழைந்தவள் கல்லைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இடதுபக்கம் பதிமூன்று, வலதுபக்கம் பத்து. நாலும் மூன்றுமாகச் சேர்ந்து நின்ற கூட்டமும், தனியாக ஓரத்தில் ஒதுங்கி நின்ற சின்னதும், எதுவும் இடம் மாறவில்லை.

செண்பகராஜ் ஒவ்வொரு குழியிலும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, கம்பியால் பூப்போலப் புரட்டிக்கொண்டிருந்தான். வாய் ஏதோ மெட்டை முணுமுணுத்தது. கடை திறந்த நாளிலிருந்து அடுப்பு முன்னால் அவன் பாடி அவள் கேட்டதில்லை.

"வா புள்ள, வா. கல்லப் பாத்தியா? ராத்திரியோட ராத்திரியா என்னமோ நடந்துபோச்சு. எல்லாக் குழியும் நல்லாத்தான் வேகுது. ஆனா இந்தா, ஓரத்துல ஒதுங்கி இருக்குல்ல ஒண்ணு, அதுல வர்ற பணியாரம் மாதிரி வேற எதுலயும் வரமாட்டேங்குது. இதத் தின்னு பாரு."

கண்ணியக்கா அதை வாங்கித் தின்றாள். முறுமுறுவென்று நன்றாகத்தான் இருந்தது. கழுத்துவரை சிவந்துபோய், டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு எமிலியின் மாடிப்படியில் கூட்டம் ஏறியது. கண்ணியக்கா யாரிடமும் சொல்லவில்லை, எமிலியும் சொல்லவில்லை. ஆனால் கண்ணியக்காவின் நடை மாறியிருந்ததை ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள், அவள் எமிலியிடம் போய்வருவதையும் பார்த்தார்கள், மீதியை அவர்களே கூட்டிக்கொண்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் புருவம் எடுக்கத்தான் வந்தார்கள். எடுப்பதற்குப் புருவமே இல்லாதவர்களும் புருவத்துக்குத்தான் வந்தார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், பழைய வாரப் பத்திரிகைகளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் போய், இறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாண்டினார்கள்.

குழிகள் ஊருக்குள் பரவின. வழவழப்பாக எது இருக்கிறதோ அதைப் பார்த்துப் போய் உட்கார்ந்தன. நூலகத்து இரும்பு பீரோவில் பதினாறு. வாலிபர் சங்கத்துக் கேரம் போர்டில் ஒன்பது. பூங்காவில் பிள்ளைகள் சறுக்கும் சறுக்குமரத்தில் மேலிருந்து கீழ்வரை. பேரூராட்சித் தலைவர் வெங்கிடசாமியின் புதுக் காரின் முன்மூடியில் முப்பத்தொன்று.

ஊர் அதற்கெல்லாம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சறுக்குமரத்தில் கடகடவென்று குலுங்கிக்கொண்டு இறங்குவது பிள்ளைகளுக்குப் பிடித்துப்போய், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். கேரம் ஆடுகிறவர்கள் ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, குழிக்குள் போய் உட்கார்ந்த காய்க்கு இரண்டு தடவை அடிக்கலாம் என்று புதுச் சட்டம் எழுதி ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்துக் கைப்பிடிச் சுவரில் விழுந்த குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி, சிட்டுக்குருவிகள் வரிசையாக வந்து குளித்தன. தோசை கேட்டவர்களும் பணியாரம் கேட்டவர்களும் செண்பகராஜின் ஓட்டலில் எதிரெதிர் பெஞ்சுகளில் பிரிந்து உட்கார்ந்து, ஒருத்தர் சட்னியை ஒருத்தர் தொடாமல் கொஞ்சநாள் இருந்து, பிறகு பணியாரத்தின் பக்கமே எல்லோரும் சாய்ந்தார்கள். ஆண்கள் நிலநடுக்கம் என்றார்கள், இரும்பில் கலப்படம் என்றார்கள், வெயில் என்றார்கள். பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணியக்காதான் எல்லாக் குழிகளையும் பார்த்தவள். ரீடிங் எடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் ஏதாவது ஒன்றில் குழி இருந்தது. ஒரு வீட்டில் குத்துவிளக்கின் அடித்தட்டில், ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டரில், ஒரு வீட்டில் மீட்டர் பெட்டியின் மூடியிலேயே. கல்லூரிக்குப் போகிற கொடி மாதிரிப் பெண் இருக்கும் வீட்டிலும் இருந்தது. ஊரிலேயே அழகி என்று பெயரெடுத்த நகைக்கடைக்காரர் மருமகள் வீட்டிலும் இருந்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு ரீடிங் எடுக்கப் போனவள், டாக்டர் நூர்ஜஹானின் மேஜையில் இருந்த எவர்சில்வர் தட்டைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தட்டைத் துணியால் மூடினார். தெருவில் இறங்கி நடக்கும்போது கண்ணியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தனக்கு மட்டும்தான் என்று நினைத்து நினைத்து எத்தனை வருஷம் அழுதிருக்கிறோம் என்று நினைத்து, சிரிப்பு நின்று, மறுபடியும் வந்தது.

மார்கழி பிறந்ததும் வெங்கிடசாமி ஓர் உத்தரவு போட்டார். தையில் புதுக் கல்யாண மண்டபத் திறப்பு விழா, சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அதற்குள் ஊரில் ஒரு குழிகூட இருக்கக்கூடாது. டிங்கரிங் பட்டறை மைக்கேலைக் கூப்பிட்டு, சுத்தியலும் அடிக்கட்டையுமாக ஊரைச் சுற்றிவந்து எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்தச் சொன்னார். "மொதல்ல பொதுச் சொத்து, அப்புறம் கடைகண்ணி, கடைசியா என் காரு. தலைவர் தன் வேலையத்தான் மொதல்ல பாத்தாருன்னு யாரும் சொல்லிரக்கூடாது பாருங்க."

திங்கட்கிழமை காலை மைக்கேல் நூலகத்து பீரோவில் முதல் அடியை வைத்தான். அதே நொடியில், இரண்டு தெரு தள்ளி ஏழாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த பூங்கோதை டீச்சர், "அம்மாடி!" என்று அலறி வலது தொடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள். இரண்டாவது அடிக்கு மறுபடியும் அலறினாள். குழி நிமிராததால் மைக்கேல் அதை விட்டுவிட்டுச் சறுக்குமரத்துக்குப் போனான். சத்துணவுக் கூடத்தில் அந்தோணியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுத் துள்ளினாள். மத்தியானத்துக்குள் டாக்டர் நூர்ஜஹானின் அறையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஐந்து பேர் தொடையிலும் சுத்தியல் தலை அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்தது.

டாக்டர் கதவைச் சாத்தினார். "உள்ளதச் சொல்லிடறேன். இந்தக் குழி ஒரு வியாதியே இல்ல. பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல இருக்கிறதுதான். எனக்கும் இருந்துச்சு. எங்க போனாலும் அது நம்ம ஒடம்புதான்போல. சும்மா பொழங்குனா ஒண்ணும் தெரியல, அடிச்சு நிமித்துனா நமக்குத்தான் வலிக்குது."

"அப்ப அடிக்கவேண்டாம்னு போய்ச் சொல்லணும்" என்றாள் அந்தோணியம்மாள்.

"என்னன்னு சொல்ல?" என்றாள் பூங்கோதை. "நடு பஜார்ல நின்னு, அது என் தொடைன்னா?"

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, களிம்பு வாங்கிக்கொண்டு, நொண்டியபடி வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கண்ணியக்கா கீழத்தெருவில் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை போனில் கூப்பிட்டு, முந்தின நாள் தொடையில் விழுந்த அடியைச் சொல்லி, மைக்கேல் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டான், அடுத்தது ஓட்டல் கல்தான் என்றாள். கண்ணியக்கா ரீடிங் மிஷினைத் தோள்பையில் போட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, ஓடினாள். கீழத்தெருவைத் தாண்டி, சந்தைப்பேட்டையைத் தாண்டி, மாட்டுவண்டியைத் தாண்டி, மினிபஸ்ஸைத் தாண்டி ஓடினாள். முந்தப்பட்ட மினிபஸ் டிரைவர் ஹாரனை அழுத்தி அவளுக்கு மரியாதை செய்தார். இருபத்தைந்து வருஷமாக எங்கோ கிடந்த அந்த ஓட்டம் அவள் கால்களுக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

ஓட்டலில் கல்லை இறக்கித் தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, பெஞ்சின்மேல் போட்டிருந்தார்கள். சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். தலைவர் வெங்கிடசாமி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செண்பகராஜ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மைக்கேலு, அந்த ஓரத்துக் குழிய மட்டுமாவது விட்ருடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். மைக்கேல் சுத்தியலை ஓங்கினான்.

"நிறுத்துங்க!"

கண்ணியக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் கல்லின்மேல் கவிழ்ந்துகொண்டாள். மைக்கேலின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. "இது என்னோடது."

"கல்லு உம் புருஷனோடதும்மா."

"கல்லு அவரோடது. குழி என்னோடது." கூட்டம் புரியாமல் நின்றது. இனிமேல் நிறுத்தினால் சொல்லவே முடியாது என்று தெரிந்ததால், அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "என் தொடையில இருந்த குழி. எமிலிகிட்ட போயி காப்பிச் சக்கை போட்டு எடுத்தேன். இங்க வந்துருச்சு. இருபத்துமூணும் எனக்குத் தெரியும். அடிச்சீங்கன்னா எனக்கு வலிக்கும்."

கண்ணியக்கா புருஷனைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தாள். கைக்கு அடியில் கல் சமமாக இருந்தது. வலது கையை எடுத்தாள். அந்த இடம் வழவழவென்றிருந்தது. தொடையில் இளஞ்சூடாக ஒன்று வந்து உட்கார்ந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. அவள் கையை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். எறும்பு தன் புற்றுக்குத் திரும்புவதுபோல, குழிகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஓரத்தில் ஒன்று மிச்சம் இருந்தபோது செண்பகராஜ் பக்கத்தில் வந்து நின்றான். கண்ணியக்கா தலையைத் தூக்கினாள்.

"கோவமா?" என்றாள்.

"ஒன்றரை மாசமா எண்ணெய் ஊத்தித் தொடச்சிருக்கேன்" என்றான் அவன். "முன்னாடியே சொல்லியிருந்தா கம்பி போட்டுக் குத்தியிருக்கமாட்டேன்ல."

அவள் சிரித்துவிட்டாள். கடைசிக் குழியின்மேல் கையை வைத்தாள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து போலீஸ்காரி மாரீஸ்வரி, உடுப்போடு, தொப்பியோடு முன்னால் வந்தாள். "கேரம் போர்டு யார் வச்சிருக்கீங்க? எடுத்துட்டு வாங்க. அது என்னோடது." பூங்கோதை டீச்சர் நொண்டிக்கொண்டே நூலகத்துக்கு நடந்தாள். நகைக்கடைக்காரர் மருமகள், வீட்டில் இருந்தது போக மீதிக்கு, பள்ளிக்கூடத்துச் சுவரில் குருவிகள் குளித்து முடிக்கும்வரை காத்திருந்து கையை வைத்தாள். டாக்டர் நூர்ஜஹான் தட்டையே கையோடு கொண்டுவந்திருந்தார். சில குழிகளுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி, கை வைத்துப் பார்த்து, உனக்குத்தான் போனது, எனக்கில்லை என்று சமாதானமானார்கள். இரண்டொரு பெண்கள் வரவேயில்லை; அவர்களுடைய குழிகளை யாரும் தொடவில்லை, தட்டவுமில்லை.

வெங்கிடசாமி எழுந்து வெளியே வந்தபோது, அவருடைய காருக்கு முன்னால் அவருடைய சம்சாரம் ரெங்கநாயகி, எந்த விழாவிலும் பட்டுச்சேலை கசங்காமல் முதல் வரிசையில் உட்காருகிற ரெங்கநாயகி, முன்மூடிமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயுமா?" என்றார் தலைவர்.

"முப்பத்தொண்ணு" என்றாள் அவள். "எண்ணிக்கிட்டிருக்கேன், பேசாம இருங்க."

தலைவர் காரில் சாய்ந்து நின்று, அவள் எண்ணி முடிக்கும்வரை வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் உத்தரவு ரத்தானது.

கண்ணியக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது. வழவழவென்று இருந்த அந்த ஒன்றரை மாதத்தை அவள் நினைத்துப் பார்த்தாள். குளிக்கும்போது கை வழுக்கிக்கொண்டு போனது சுகமாகத்தான் இருந்தது. எமிலியும் இன்னொரு தடவை உருட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். கண்ணியக்கா யோசித்து, கட்டை வேண்டாம், ஓடிக் களைத்த காலுக்கு விளக்கெண்ணெயை மட்டும் தேய்த்துவிடு போதும் என்றாள். செண்பகராஜ் சந்தையில் ஒரு பணியாரக்கல் வாங்கிவந்தான். ஊர் தின்றுவிட்டு, சுமார்தான் என்று சொல்லி, மறுபடியும் தின்றது.

தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதுரை மைதானத்தில் புளியங்கரந்தையின் நாலு பெண்களும் சிவப்பு பனியனும் நீல அரைக்கால் சட்டையுமாக வந்து நின்றார்கள். மற்ற ஊர்க்காரிகளில் பாதிப் பேர் கணுக்கால்வரை மூடிய கால்சட்டையில் இருந்தார்கள். காலை வெயில் சாய்வாக விழுந்து, நாலு பேர் தொடைகளிலும் இருந்த மேடு பள்ளமெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கண்ணியக்கா சட்டையின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தாள். துப்பாக்கி வெடித்ததும் பூங்கோதை ஓடிவந்து மாரீஸ்வரியிடம் தொடர் ஓட்டக் கட்டையைக் கொடுத்தாள், மாரீஸ்வரி கண்ணியக்காவிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தொடையும் தெரியவில்லை, மைதானமும் தெரியவில்லை. இரண்டு பேரைத் தாண்டியது மட்டும் தெரிந்தது. அந்தோணியம்மாள் கடைசியில் ஒருத்தியிடம் தோற்று, இன்னொருத்தியைத் தோற்கடித்து, மூன்றாவதாக வந்து, புல்லில் விழுந்து, "ஏசுவே, தண்ணி!" என்றாள். நாலு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கட்டிக்கொண்டார்கள். வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு செண்பகராஜ் தொண்டை கிழியக் கத்தினான்.

பதக்கம் வாங்கிக்கொண்டு கண்ணியக்கா தன் பை இருந்த இடத்துக்குத் திரும்பியபோது, சிவகங்கை அணியின் நெட்டையான பெண் ஒருத்தி அங்கே தயங்கித் தயங்கி நின்றாள். அவளுக்கு அடுத்தது நீளம் தாண்டுதல். நீளக் கால்சட்டை வியர்வையில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, உங்ககிட்ட இன்னொரு அரைக்கால் சட்டை இருக்குமா?" என்றாள். "நான் கொண்டே வரல. போடமாட்டேன்னு நெனச்சேன்."

கண்ணியக்கா பையைத் துழாவி, மாற்றுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள். வரும்போது இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளின் பின்னால் வைத்து மூடியபடி, சின்னச் சின்ன அடியாக நடந்தாள். பாதி தூரத்தில் காற்று அடித்து, அவள் தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் எடுத்து, முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டே, மணல் குழியைப் பார்த்து வேகமாக நடந்தாள்.